வெள்ளிக்கிழமை மணல்

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோடு போடுவது எல்லாம் அவர் ஒருவரேதான். கோடு போடும் வண்டியைத் தள்ளித் தள்ளி முழங்கால்வரை வெள்ளையாகத் திரிவதால் பையன்கள் அவருக்குச் 'சுண்ணாம்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் 'அண்ணா', முதுகுக்குப் பின்னால் 'சுண்ணாம்பு'. அது அவருக்கும் தெரியும். யார் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கும் வைத்திருப்பார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. குணம்தான் சரியில்லை. மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால், "யாரு சொல்லச் சொன்னாங்களோ" என்பார். நான் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாலும், தெருமுனைவரை வந்த பிறகு திரும்பிப் போய்த் தானும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் கோல் கம்பத்தை டேப் வைத்து அளப்பார். "இரும்புங்க அது, ஒரு வாரத்துல வளந்துடுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "வளராது. எவனாவது வந்து ஆட்டிட்டுப் போயிருந்தா?" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தையல் தெரியும் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். அதை நம்பாமல், வேறு ஓர் ஆள் மூலமாகக் கிழிந்த கால்சட்டை ஒன்றை என்னிடம் தைக்கக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான் தைத்துக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாராம். இதைக் கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். யாரைச் சொல்லி அழுவது?

அந்தத் தையல்தான் எனக்கும் சோறு போடுகிறது. மைதானத்தின் கேலரிக்கு அடியில் சிறிய அறை ஒன்றில் எனக்கு வேலை. ஜெர்சியில் நம்பர் தைப்பேன், கிழிந்ததை ஒட்டுப் போடுவேன், இலாஸ்டிக் மாற்றுவேன். போதாக்குறைக்கு என் தம்பியும் இதே டீமில் உதவிக் கோச்சாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில். "மாமா, மாமா" என்று இவர் பின்னாலேயே சுற்றுவான். இவரும் வேறு யாருக்கும் தொடக் கொடுக்காத புல்வெட்டும் மெஷினை அவனுக்கு மட்டும் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார் என்பது வேறு விஷயம்.

இந்த வருடம் ஆட்டம் தொடங்கும்போதே ஒரு வினை வந்து சேர்ந்தது. பின்பக்கத்து மைதானத்தில்தான் எப்போதும் பயிற்சி நடக்கும். அங்கே புதுக் கட்டடத்துக்கான கல்லையும் கம்பியையும் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். அதனால் பயிற்சியும் பெரிய மைதானத்தில், மேட்சும் பெரிய மைதானத்தில். என் வீட்டுக்காரர் பெற்ற பிள்ளையை அடித்ததுபோலத் துடித்துப்போனார். நாலு நாள் பயிற்சியில் பூட்ஸ் பட்டு அங்கங்கே புல் பெயர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பயிற்சி கிடையாது. அன்று மத்தியானம் இவர் ஒரு வண்டி மணலைத் தள்ளிக்கொண்டு வந்து, பெயர்ந்த இடத்திலெல்லாம் கொட்டி, கையால் நிரவி, காலால் மிதித்துப் பார்ப்பார். சனிக்கிழமை விடிந்ததும் தண்ணீர் தெளித்தால் மணல் கறுத்துப் புல்லோடு புல்லாகிவிடும். மேட்சுக்கு வருகிறவர்களுக்கு அங்கே குழி இருந்த சுவடே தெரியாது.

டீம் இந்த வருடம் நல்ல டீம். கார்னர் கிடைத்தால் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒருநாள் என் மேஜையில் நூல்கண்டுகளை வரிசையாக வைத்துத் தம்பி எனக்குக் காட்டினான். "எல்லாரும் கோலுக்கு முன்னாடி குதிக்கக் காத்திருப்பாங்கக்கா. நம்ம எட்டாம் நம்பர் மட்டும் தள்ளி, இங்க, ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சிருப்பான். பந்து கூட்டத்துக்குப் போகாது. தரையோட தரையா பாக்ஸ் ஓரத்துக்கு வரும். இவன் ஓடி வந்து அடிப்பான்." சிவப்பு நூல்கண்டு உருண்டு போய் என் கத்தரிக்கோலில் முட்டியது. "கோல்!" என்றான். முப்பது வயதுக்காரனுக்கு முகத்தில் எட்டு வயதுச் சிரிப்பு.

வெளியூரில் ஆடிய முதல் மேட்சில் அதே தந்திரத்தில் இரண்டு கோல் போட்டார்கள். அடுத்த வாரம் இங்கே ஆடினார்கள். எட்டாம் நம்பர் குனிவதற்கு முன்பே எதிராளி ஒருவன் அவன் ஓடும் வழியில் போய் நின்றுகொண்டான். தோல்வி. பெரிய கோச் வேறு தந்திரம் சொல்லிக்கொடுத்தார். அது வெளியூரில் பலித்தது, இங்கே பலிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றை மாற்றினார். அதற்கும் இங்கே வந்தவர்கள் சரியான இடத்தில் ஆள் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அந்தக் கதைதான். புருஷன்மாரைப் பற்றிச் சொன்னதை எங்கள் டீம் தனக்கு எடுத்துக்கொண்டது.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் பெரிய கோச் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி என் அறைக்கே கேட்டது. "இங்கேர்ந்து எவனோ சொல்றான்! நம்ம ஆளே நம்மள விக்கிறான்!"

போதாதா? என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் பிறவிப் பயன் கிடைத்தது. பத்தொன்பது வருடமாக ஆதாரமில்லாமல் அலைந்த சந்தேகத்துக்கு இப்போது அரசாங்க உத்தரவே வந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டார். முதலில் கோல்கீப்பர். அவன் போனில் பேசும்போதெல்லாம் இவர் பக்கத்தில் போய்ப் புல் பிடுங்குவார். அந்தப் பையன் பேசியது யாரோ ஒரு பெண்ணிடம். அவளுக்கும் கால்பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நாலு நாள் ஒட்டுக்கேட்ட பிறகுதான் விட்டார். அடுத்தது பையன்களின் காலுக்கு மருந்து தடவிக் கட்டுப்போடுகிறவர். அவர் பழைய செய்தித்தாளில் எதையோ சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட, இவர் அதை எடுத்துப் பிரித்து, வாழைப்பழத் தோலோடு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது ஆள் நான். "நீ வெளியில யார்கிட்டயாவது பேசுறியா?" என்றார்.

"பேசுறேனே. நாள் முழுக்க ஊசிக்கிட்டயும் நூல்கிட்டயும் பேசுறேன். போய் விசாரிங்க."

அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான்காவது உள்ளூர் மேட்சுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை அவர் பம்புசெட் வாசலில் நின்றுகொண்டு பார்த்திருக்கிறார். வந்திறங்கிய டீமின் கோச்சை என் தம்பி கேலரிப் படிக்கு அழைத்துப் போயிருக்கிறான். பூட்டைத் திறந்துவிட்டு, மைதானத்தைப் பார்த்துக் கையை நீட்டி எதையோ காட்டியிருக்கிறான். அவன் இறங்கிப் போனதும் அந்தக் கோச் உச்சிப் படியில் போய் உட்கார்ந்து, மைதானத்தைப் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாக இருந்திருக்கிறார். மறுநாள் எங்கள் டீம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் பெரிய கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டார். பெரிய கோச் விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார். திங்கட்கிழமை காலை என் தம்பியின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசி உள்ளூர் மேட்ச் முடிந்த மறு திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் போகும். அதன்பிறகு எந்த மைதானத்திலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

எனக்கு இதையெல்லாம் சொன்னது அந்த மருந்து தடவுகிறவர். வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

"எங்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ அவன்கிட்ட சொல்லியிருப்பே."

"வர்ற டீமுக்கு இடம் காட்டுறது அவன் வேலைங்க. டிரெஸ்ஸிங் ரூம் எங்க, தண்ணிக் குழாய் எங்கன்னு கையை நீட்டித்தான் காட்டுவான். வேற எத நீட்டுவான்?"

"தண்ணிக் குழாயைக் காட்டினதுக்கு எவனாவது நோட்டுல எழுதிக்குவானா?"

அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. அதுதான் எரிச்சல். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே கால் கழுவப் போனார். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்க முடியாதாம், சொந்தம் என்றாலும் நியாயம் நியாயம்தானாம். வெண்ணெய் யார் கேட்டது? நான் அன்று அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி என் அறைக்கு வந்தான். டீம் கொடுத்த டிராக் சூட்டை மடித்துக் கையில் வைத்திருந்தான். "இத உங்கிட்ட ஒப்படைக்கச் சொன்னாங்கக்கா." முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவன் நின்றான். "மாமா எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டாரு. விசாரணையில சரியாயிடும். நீ அவர்கிட்ட சண்டை போடாத."

அவன் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த டிராக் சூட்டின் பைகளைத் துழாவினேன். அந்தக் கோச் நோட்டில் எதை எழுதினார் என்ற கேள்வி என்னையும் அரித்துக்கொண்டேதான் இருந்தது. உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தேன். 'எட்டாம் நம்பருக்குக் கணுக்கால் பட்டி வாங்க வேண்டும், அக்காவிடம் அளவு கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இவரோடு வாழ்ந்து வாழ்ந்து எனக்கும் தொற்றிவிட்டது என்று இவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். ஆனால் துழாவியது என் கை.

நடுவில் வெளியூரில் ஒரு மேட்ச் வந்தது, ஜெயித்தார்கள். "பாத்தியா, அவன் போகல, ஜெயிச்சிட்டாங்க" என்றார் இவர். "அவன் போனப்பவும் வெளியூர்ல ஜெயிச்சாங்களே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒற்றன் தொலைந்தான் என்ற தைரியத்தில் பெரிய கோச் கடைசி மேட்சுக்குப் பழைய நூல்கண்டுத் தந்திரத்தையே மறுபடி எடுத்தார். அந்த வாரம் முழுவதும் பையன்கள் ஒரே இடத்தில் ஓடி ஓடி அதையே அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு ஒரு யோசனை. பம்புசெட் வாசலில் நின்றால் உச்சிப் படி உண்மையிலேயே தெரியுமா, அல்லது இவர் பாதி பார்த்து மீதியைச் சேர்த்துக்கொண்டாரா? அதைத் தெரிந்துகொண்டால் விசாரணையில் சொல்லலாம். இவர் மணல் போட்டு முடித்து வண்டியைக் கழுவப் போனதும் நான் கேலரியில் ஏறினேன். மூச்சு வாங்க உச்சிப் படியில் நின்று பம்புசெட்டைத் தேடினேன். பளிச்சென்று தெரிந்தது. போச்சு, இவர் பொய் சொல்லவில்லை என்று மைதானத்தைப் பார்த்தேன்.

பச்சைப் புல்லில் புது மணல் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருந்தது. கோலுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று. அவை எந்த மைதானத்திலும் இருக்கும். ஆனால் வலது கார்னர் பக்கத்தில் ஒன்று. அதிலிருந்து தள்ளி, யாருமே நிற்க வேண்டிய அவசியமில்லாத இடத்தில் இன்னொன்று. அங்கே குனிந்து லேஸ் கட்டுவான். அங்கிருந்து பாக்ஸ் ஓரம்வரை ஒரு நீள வால். அங்கே ஓடுவான். வால் முடிகிற இடத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு திட்டு. அங்கே அடிப்பான். என் மேஜையில் தம்பி நூல்கண்டு வைத்த அதே இடங்கள். கீழே நின்றால் ஒன்றும் தெரியாது. மறுநாள் தண்ணீர் விட்டபிறகு மேலே இருந்தாலும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், உச்சிப் படியில் உட்கார்ந்தால் மட்டும் தெரியும். வருகிற கோச்சுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை வாரம் தவறாமல் நிரவி மிதித்து வைத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

ஓட்டமாக இறங்கி அவரிடம் சொன்னேன். அவர் வண்டியைக் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டார். "உன் தம்பியக் காப்பாத்த என் தலையில கட்டுறியா?"

"ஏறிப் பாருங்க."

"அங்கெல்லாம் நான் ஏற மாட்டேன்." பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தக் கேலரியில் ஏறியதே இல்லை. மேலே உட்கார்கிறவர்கள் எல்லாம் புல்லைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் என்பது அவர் கட்சி.

"ஏறலன்னா திங்கக்கிழமை நான் விசாரணைக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

ஏறினார். உச்சிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒவ்வொரு திட்டாகப் போய், திரும்பி, மறுபடி போனது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு அன்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மனிதர் உடனே ஒப்புக்கொள்வாரா?

"தற்செயலா இருக்கலாம்" என்றார். "சோதிச்சுப் பாத்துடலாம்."

வருகிற டீமின் பஸ் நாலு மணிக்கு. அவரிடம் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வலது பக்க மணலின் மேல் வெட்டிய புல்லைத் தூவி, உருளையை ஓட்டி மறைத்தார். இடது பக்கத்தில், யாரும் ஆடவே ஆடாத ஓர் இடத்தில், புது மணலால் அதே மாதிரி திட்டும் வாலும் போட்டார். பெரிய கோச்சிடம்கூடச் சொல்லவில்லை. நாலரைக்கு அந்தக் கோச் மேலே ஏறினார். நோட்டைத் திறந்தார். நாங்கள் இருவரும் பம்புசெட்டுக்குள் நின்று, திருடர்கள் மாதிரி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் இரண்டாம் பாதியில் வலது பக்கம் கார்னர் கிடைத்தது. எதிராளிகள் இரண்டு பேர் விழுந்தடித்துக்கொண்டு இடது பக்கம் ஓடி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் காவல் காத்தார்கள். எட்டாம் நம்பர் சாவகாசமாக லேஸ் கட்டினான், எழுந்தான், ஓடினான், அடித்தான். கேலரி அதிர்ந்தது. பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கோடு போடும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சந்தேகம் ஒன்று நிஜம் என்று நிரூபணமாகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேட்ச் முடிந்து இயக்குநர் கேலரியிலிருந்து இறங்கும்போது இவர் படியில் மறித்து நின்றார். சுற்றிலும் அத்தனை கூட்டம். "சார், நீங்க தேடுற ஆளு நான்தான்" என்றார். இயக்குநர் முதலில் சிரித்தார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். மணலைச் சொன்னார், இன்றைய கோலைச் சொன்னார், தம்பி கையை நீட்டியது குழாயைக் காட்டத்தான் என்றார். பெரிய கோச் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தார். நோட்டை வைத்திருந்த அந்தக் கோச்சையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் அசடு வழிந்துவிட்டு ஒப்புக்கொண்டார். இந்த மைதானத்தை மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கோச்சுகளுக்குள் ஒரு பேச்சே இருந்ததாம். விசாரணை தேவையில்லை, திங்கட்கிழமை அவனை வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார் இயக்குநர்.

அங்கிருந்து நேராகத் தம்பியின் அறைக்குப் போனோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. வழியில் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவன் வழக்கம்போலச் சிரித்து, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். உள்ளே துணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான்.

இவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னார். எதையும் மழுப்பவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணல், கேலரி, இடது பக்கத்துச் சோதனை, இயக்குநர் சொன்னது எல்லாம். கடைசியில், "தப்பு எம்மேலதான் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

தம்பி கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தான். "மணலுக்குக்கூட ஒரு சோதனை வச்சுப் பாத்திருக்கீங்க" என்றான் மெதுவாக. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். டிராக் சூட்டின் பையைத் துழாவிய எனக்கு அந்த இடத்தில் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

"திங்கக்கிழமை வர்றேன் சார்" என்றான் தம்பி. என்னிடம் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இரண்டு தெருவும் கடந்து வந்தோம். எங்கள் வீட்டு வாசலில் நான் பூட்டைத் திறக்கும்போது அவர் கேட்டார். "அவன் என்னை என்னன்னு கூப்பிட்டான்?"

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.